‘சேக்ரட் க்ளௌன்ஸ்’ நாவலில் ஜிம் சீ அந்த ஆளை விட்டது சரியா?

மணல்மேடு:
அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ பழங்குடியினரின் போலீஸைப் பற்றி டோனி ஹில்லர்மன் எழுதிய நாவல்களைப் படித்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இந்த இழையைத் தொடங்குகிறேன். 1993இல் வந்த ‘சேக்ரட் க்ளௌன்ஸ்’ பற்றி மட்டும் பேசலாம். கொலைகாரர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் தயவுசெய்து சொல்லாதீர்கள், ஆனால் விபத்து வழக்கின் முடிவைச் சொல்லாமல் இந்த விவாதத்தை நடத்தவே முடியாது, அதனால் அது தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கதையில் இரண்டு கொலைகள். தோரோ ஊரின் மிஷன் பள்ளியில் தச்சுவேலை மாதிரியான கைத்தொழில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் சாகிறார். புவெப்லோ என்பவர்கள் அதே பகுதியின் வேறு பழங்குடியினர், அவர்களுடைய தானோ என்ற கிராமத்தில் சடங்கு நாளன்று கோமாளி வேடம் போட்டிருந்த ஒருவர் சாகிறார். இவற்றோடு மூன்றாவதாக ஓரத்தில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இரவில் சாலையில் நடந்து போன டோடாசீனி என்பவர் மேல் வண்டியை ஏற்றிவிட்டு, அடிபட்டவரை அப்படியே விட்டுவிட்டுப் போன ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் நவஹோ போலீஸ்காரனான ஜிம் சீக்கு சார்ஜன்ட் பதவி உயர்வு கிடைக்கும் என்ற நிலைமை. வண்டியை ஏற்றிய அந்த ஆள் என்ன செய்கிறார் என்றால், ஃபார்மிங்டன் ஊரின் கேஎன்டிஎன் வானொலியில் பொதுமக்கள் வந்து பேசுவதற்காக ஒரு மைக் வைத்திருக்கிறார்களே, அங்கே நேராகப் போய், குடித்திருந்தேன், தெரியாமல் நடந்துவிட்டது, வருந்துகிறேன், செத்தவருடைய குடும்பத்துக்கு என்னால் முடிந்தபோதெல்லாம் பணம் அனுப்புகிறேன் என்று நவஹோ மொழியில் சொல்லிவிட்டு, ஒரு உறையில் பணத்தையும் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

அவர் மேல் அடித்த வெங்காய வாசம், வண்டியின் பின்னால் ஒட்டியிருந்த ‘எர்னி இஸ் த கிரேட்டஸ்ட்’ ஸ்டிக்கர், இந்த இரண்டை வைத்து சீ ஆளைப் பிடித்துவிடுகிறான். க்ளெமென்ட் ஹோஸ்கி. வீட்டில் அவரை விட்டால் வேறு நாதி இல்லாத பேரன் எர்னி. தாய் கர்ப்பத்தில் குடித்ததால் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டுப் பிறந்த பையன். அவனைச் சந்தோஷப்படுத்தத்தான் அந்த ஸ்டிக்கரே. சீ கைது செய்யவில்லை. ஸ்டிக்கரை எடுத்துவிடும்படி சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். பதவி உயர்வும் போயிற்று.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீ செய்தது சரி. இரக்கப்பட்டு விட்டுவிட்டான் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. முதல் பக்கத்திலிருந்து ஹில்லர்மன் நவஹோ கதைகளையும் குலமுறையையும் நியாயத்தைப் பற்றிய அவர்களுடைய எண்ணத்தையும் அடுக்கிக்கொண்டு வந்து கட்டிய முடிவு அது. இதைப் பிடிக்காதவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

கோடைமழை:
பிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். நாவல் எனக்குப் பிடிக்கும், அந்த முடிவுதான் பிடிக்கவில்லை.

செத்தவர் ஒரு மனிதர். அவருக்கும் ஒரு குலம், வீடு, காத்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள். நாவல் எர்னியின் முகத்தை நமக்கு நன்றாகக் காட்டுகிறது, ஹோஸ்கியின் குற்ற உணர்ச்சியைக் காட்டுகிறது, சீயின் தவிப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டுகிறது, ஆனால் டோடாசீனியின் வீட்டுக்குள் நம்மை எந்த அளவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது? வாசகனுக்கு ஒரு பக்கத்து முகம் மட்டும் தெரிந்தால் அவன் அந்தப் பக்கம்தான் சாய்வான். இது கதைசொல்லும் திறமை, ஒத்துக்கொள்கிறேன், அதற்காக அதையே நியாயம் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

அப்புறம், சீ ஒரு போலீஸ்காரன். தீர்ப்புச் சொல்லும் உரிமையை அவனுக்கு யார் கொடுத்தார்கள்? இன்றைக்கு நல்ல மனசுக்காரன் ஒருவன் நல்ல காரணத்துக்காக ஒருவரை விடுகிறான். நாளைக்கு வேறொரு போலீஸ்காரன் தன் மச்சானை விடுவான், அவனும் இதையேதான் சொல்வான்.

மணல்மேடு:
கோடைமழை, இரண்டாவது கேள்வி ரொம்பச் சரியான கேள்வி, அதை நாவலுக்குள்ளேயே ஜேனட் பீட் கேட்கிறாள். அவள் வழக்கறிஞர், அப்பா நவஹோ, அம்மா வெள்ளைக்காரி, நகரத்தில் வளர்ந்தவள். சீ பெயர் சொல்லாமல், ‘இப்படி ஒரு வழக்கு இருந்தால்’ என்று அவளிடம் பேசிப் பார்க்கும் இடம் எனக்கு நாவலின் நடுமையம் மாதிரி. தண்டனை என்பது ஒருவன் செய்த கெடுதலுக்குச் சமமான கெடுதலை அவனுக்குத் திருப்பிச் செய்வது என்ற எண்ணம் ஒரு பக்கம். கெட்டுப்போன ஒழுங்கை மறுபடி சரிசெய்வது, நவஹோக்கள் ஹோஜோ என்று சொல்கிற அந்த இசைவுக்கு எல்லோரையும் திரும்பக் கொண்டுவருவது என்ற எண்ணம் இன்னொரு பக்கம். ஹோஸ்கியைச் சிறையில் போட்டால் எந்த ஒழுங்கு திரும்பும், எர்னி எங்கே போவான் என்பது சீயின் கேள்வி.

ஹில்லர்மன் இதைக் கற்பனையில் உருவாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நவஹோ நீதிமன்றங்கள் 1982இலேயே சமாதானக்காரர் மன்றம் என்று ஒன்றைத் தொடங்கிவிட்டன. அதில் நீதிபதி கிடையாது. ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவர் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக் குடும்பங்களையும் பேசவைப்பார். ஈடு கொடுப்பதற்கு நால்யே என்று அவர்களிடம் பழைய முறை ஒன்று உண்டு. செய்தவன் மட்டுமல்ல, அவனுடைய சொந்தக்காரர்களும் சேர்ந்து கொடுப்பார்கள். வானொலி நிலையத்தில் ஹோஸ்கி வைத்துவிட்டுப் போன அந்த உறை இதுதான். வெளியாள் கண்ணுக்கு அது லஞ்சம் மாதிரியோ, மனச்சாட்சிக்குக் கொடுக்கும் கூலி மாதிரியோ தெரியலாம். வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த நவஹோக்களுக்கு அது என்னவென்று உடனே புரிந்திருக்கும்.

ஏடுபுரட்டி:
நல்ல இழை. தொன்மப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நவஹோக்களுடைய, அதாவது அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும்படி டினே மக்களுடைய, தோற்றக் கதையில் மாறும் பெண் என்ற தெய்வத்துக்கு இரட்டைப் பிள்ளைகள். மூத்தவன் அரக்கர்களைக் கொல்பவன், இளையவன் நீருக்காகப் பிறந்தவன். பூமியில் அரக்கர்கள் மனிதர்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் தகப்பனான சூரியனிடம் போய் ஆயுதம் வாங்கி வந்து ஒவ்வொருவராகக் கொல்கிறார்கள். முதலில் விழுந்தவன் பெரிய பூதம். டினே மக்களின் நான்கு புனித மலைகளில் தெற்கே இருக்கும் மவுண்ட் டெய்லர் மலைப்பக்கத்தில் அவன் விழுந்தான், அவன் ரத்தம் உறைந்ததுதான் கிராண்ட்ஸ் ஊர்ப் பக்கம் கறுப்பாக விரிந்து கிடக்கும் எரிமலைக் குழம்புப் பாறை என்று சொல்வார்கள். நாவலில் ஆசிரியர் கொலையான தோரோ ஊர் அந்தப் பாறைவெளிக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. ஹில்லர்மன் இடங்களைச் சும்மா தேர்ந்தெடுக்கிறவர் இல்லை.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது கொன்ற கதைகள் அல்ல, கொல்லாமல் விட்ட கதைகள். வாஷிங்டன் மாத்யூஸ் 1897இல் அச்சிட்ட தொகுப்பில் இந்தப் பகுதி இருக்கிறது. கடைசியில் மிஞ்சியவர்களைத் தேடி மூத்தவன் போகிறான். முதுமை என்ற கிழவி மெல்ல நடந்து வருகிறாள். என்னைக் கொன்றால் பையன்கள் தகப்பனாக மாட்டார்கள், தலைமுறை நகராமல் நின்றுவிடும் என்கிறாள். அடுத்து குளிர். துணியில்லை, நெருப்பில்லை, மலை உச்சியில் வெறும் பனியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மெலிந்த பெண். என்னைக் கொன்றால் எப்போதும் வெயில்தான், ஊற்றுகள் வற்றும், நிலம் காயும் என்கிறாள். வறுமை என்பது கந்தல் கட்டிய ஒரு கிழவனும் கிழவியும், வீட்டுக்குள் ஒரு சாமான் கிடையாது. நாங்கள் இருந்தால்தான் பழையது கிழியும், ஜனங்கள் புதிதாகச் செய்துகொள்வார்கள் என்கிறார்கள். பசி என்பது ஒரு கூட்டம், அதன் தலைவன் கள்ளிச்செடியைத் தின்றுகொண்டிருக்கிறான். நாங்கள் செத்தால் சாப்பாட்டில் ருசியே போய்விடும் என்கிறான். ஒவ்வொருவர் சொல்வதையும் அரக்கர்களைக் கொல்பவன் நின்று கேட்கிறான். கேட்டுவிட்டு ஆயுதத்தைத் தாழ்த்துகிறான்.

சீ அந்த வீட்டுக்குப் போய் எர்னியைப் பார்த்து நிற்கும் காட்சியை இந்தக் கதையோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். வேட்டையாடப் போனவன் கேட்டுவிட்டுத் திரும்புகிறான். சீ வெறும் போலீஸ்காரனும் அல்ல, தன் தாய்மாமன் ஃப்ராங்க் சாம் நகாயிடம் சடங்குப் பாட்டு கற்றுக்கொண்டிருப்பவன். இந்தக் கதைகள் அவன் வாய்க்குள்ளேயே இருப்பவை.

இன்னொரு விஷயமும் உண்டு. அத்தனை அரக்கர்களையும் கொன்றபிறகு இரட்டையர்கள் தெம்பாக இருக்கவில்லை. கொன்றதாலேயே நோயாளிகளாகி மெலிந்துபோனார்கள், அவர்களைக் குணமாக்கச் சடங்கு செய்ய வேண்டியிருந்தது. எதிரி வழிச் சடங்குக்கு அடிப்படை அதுதான். ஹில்லர்மன் 1945இல் போரில் அடிபட்டுத் திரும்பிய காலத்தில், பசிபிக் முனையிலிருந்து வந்த இரண்டு நவஹோ கடற்படைவீரர்களுக்கு இந்தச் சடங்கு நடந்ததைப் பார்த்ததுதான் தன்னைப் பின்னால் இந்த மண்ணைப் பற்றி எழுதவைத்தது என்று சொல்லியிருக்கிறார். நியாயமான வன்முறைகூடச் செய்தவனை நோயாளியாக்கும் என்ற எண்ணம் அவருடைய எல்லா நாவல்களுக்கும் அடியில் ஓடுகிறது.

நூல்முனை:
ஏடுபுரட்டி, அருமை. பசி கள்ளியைத் தின்றுகொண்டிருக்கும் அந்த ஒரு காட்சிக்காகவே அந்தத் தொகுப்பைத் தேடப்போகிறேன்.

கோடைமழை:
ஏடுபுரட்டி, ரொம்ப நன்றி, இதைப் படித்தபிறகு அந்தக் காட்சியை வேறு மாதிரிதான் படிக்க முடியும். ஆனால் நான் என் இடத்திலிருந்து நகரவில்லை, சொல்லப்போனால் நீங்களும் மணல்மேடும் கொடுத்த தகவல்களே என் கட்சிக்குப் பலம் சேர்க்கின்றன.

முதலில் தொன்மம். முதுமையும் குளிரும் பசியும் யாரையும் ரகசியமாகக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. அவர்களை விட்டுவிட்டு வந்தவன், விட்டுவிட்டேன், இன்ன காரணத்துக்காக விட்டேன் என்று வீட்டில் வந்து சொல்கிறான், அதனால்தான் கதையாக நமக்குத் தெரிகிறது. சீ யாரிடம் சொல்கிறான்? யாரிடமும் இல்லை.

இரண்டாவது, சமாதானக்காரர் மன்றம். மணல்மேடு நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இரண்டு குடும்பங்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். செத்தவருடைய மனைவியோ பிள்ளையோ சகோதரியோ ஹோஸ்கியின் முகத்தைப் பார்த்து, நீ செய்ததால் எங்கள் வீட்டில் இன்னது நடந்தது என்று சொல்ல வேண்டும், அவர் அதைக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டபிறகுதான் ஈடு எவ்வளவு என்ற பேச்சே வரும். இந்த நாவலில் அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது வானொலியில் வந்த ஒரு பெயரில்லாத குரலும் ஒரு உறையும்தான். கொடுத்தது யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. ஈட்டுத்தொகையை ஒரு பக்கமே முடிவுசெய்துகொள்கிறது.

ஆகவே அமெரிக்கச் சட்டப் புத்தகத்தை விடுங்கள். டினே முறையின் அளவுகோலை வைத்தே கேட்கிறேன். சீ பாதி வேலையைச் செய்துவிட்டு முழு வேலையும் முடிந்த மாதிரி கிளம்பிவிட்டான். தெரியாதவன் செய்திருந்தால் பரவாயில்லை, சடங்கு கற்றவன் செய்யலாமா?

செங்கல்சூளை:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நாவலின் பெயரே புனிதக் கோமாளிகள், அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே.

தொடக்கத்தில் வரும் தானோ சடங்குக் காட்சியைத் திரும்பப் படியுங்கள். சீ ஒரு கூரைமேல் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போன ஒரு பையனைக் கூட்டத்தில் தேடிக்கொண்டிருக்கிறான். கீழே கச்சினா என்ற ஆவிகளின் வேடம் போட்டவர்களின் ஆட்டம். கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் பூசிக்கொண்டு தலையில் சோளத்தோகை கட்டிய கோஷாரே கோமாளிகள் கூத்தடிக்கிறார்கள், ஜனங்கள் சிரிக்கிறார்கள். புவெப்லோ மக்களிடம் இந்தக் கோமாளிகள் வெறும் வேடிக்கை காட்டுகிறவர்கள் இல்லை. மனிதன் எப்படியெல்லாம் இருக்கக் கூடாதோ அப்படியெல்லாம் நடந்துகாட்டுவது அவர்களுடைய கடமை. பேராசை பிடித்தவன் கண்ணெதிரே பேராசைக்காரனாக நடிப்பார்கள். சடங்கு நாளில் அவர்களை யாரும் தடுக்க முடியாது.

அப்படி ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். வண்டி நிறையச் சாமான், விற்கிற மாதிரி நடிப்பு. அதுவரை சிரித்த கூட்டம் சட்டென்று அடங்கிவிடுகிறது. வெளியாள் சீக்கு ஏன் என்று புரியவில்லை, ஊர்க்காரர்களுக்குப் புரிந்துவிட்டது: நம்மில் யாரோ விற்கக் கூடாததை விற்கப் பார்க்கிறார்கள். அந்த வண்டிதான் நாவல் முழுவதற்குமான உருவகம். 1860களில் லிங்கன் ஆட்சிக்காலத்தில் புவெப்லோ ஆளுநர்களுக்கு வெள்ளிப்பூண் போட்ட கருங்காலிக் கைத்தடிகள் கொடுக்கப்பட்டன, பூணில் லிங்கன் பெயரும் 1863 என்ற ஆண்டும் பொறித்திருக்கும். இன்றைக்கும் ஆளுநர் மாறும்போது அந்தத் தடி அடுத்தவர் கைக்குப் போகிறது. கிராமத்தின் தன்னாட்சிக்கே அது அடையாளம். சேகரிப்பாளர்கள் அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பார்கள். கதையின் கொலைகள் அந்தத் தடியைச் சுற்றித்தான் நடக்கின்றன, அதற்கு மேல் சொல்லவில்லை.

இப்போது கோடைமழை சொன்னதற்கு வருகிறேன். கோமாளிகள் தவறை ஊர் நடுவில் வைத்துக் காட்டுகிறார்கள். பெயர் சொல்வதில்லை, தண்டிப்பதில்லை, ஆனால் எல்லோர் முன்னாலும் சொல்கிறார்கள். ஹோஸ்கியும் அதையேதான் செய்தார் என்று எனக்குப் படுகிறது. வானொலி மைக்கில், ஆயிரக்கணக்கான பேர் கேட்கும்படி, தன் குரலில், தன் மொழியில். பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சீயின் முடிவு ரகசியம், ஹோஸ்கியின் ஒப்புதல் ரகசியம் அல்ல. இரண்டையும் நீங்கள் ஒன்றாகப் பார்க்கிறீர்கள்.

கோடைமழை:
செங்கல்சூளை, கோமாளி பெயர் சொல்லாமல் விடுவது குற்றவாளி தானாகத் திருந்த ஒரு வழி கொடுப்பதற்காக. ஹோஸ்கி பெயர் சொல்லாமல் விட்டது தப்பிப்பதற்காக. ஒரே மாதிரி தெரிந்தாலும் நோக்கம் வேறு. எர்னிக்காகத்தான் தப்பினார் என்பது உண்மை, நான் அதை மறுக்கவில்லை.

நூல்முனை:
எனக்கு வேறு ஒரு நெருடல் உண்டு, இழை திசைமாறினால் மன்னிக்கவும். இதை எல்லாம் நமக்குச் சொல்கிறவர் ஓக்லஹோமாவில் பிறந்த ஒரு வெள்ளைக்காரர். நவஹோ நியாயம் என்று நாம் இங்கே அடித்துப் பேசிக்கொண்டிருப்பது ஹில்லர்மன் வடிகட்டிக் கொடுத்த நியாயம். அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று சொல்லவில்லை. 1987இல் நவஹோ மக்களே அவருக்கு டினேயின் சிறப்பு நண்பர் என்ற விருது கொடுத்தார்கள், நவஹோ பள்ளிப் பிள்ளைகள் அவர் நாவல்களைப் படித்தார்கள். ஆனாலும் பழங்குடி எழுத்தாளர்கள் சிலரும் ஆய்வாளர்கள் சிலரும் இதைத் தொடர்ந்து கேட்டு வந்திருக்கிறார்கள்: எங்கள் சடங்குகளை மர்மக்கதைக்குத் துப்பாகப் பயன்படுத்தலாமா?

சேக்ரட் க்ளௌன்ஸில் அவர் இதை யோசித்திருக்கிறார் என்பது என் எண்ணம். தானோ என்பது கற்பனைக் கிராமம். புவெப்லோ மக்கள் தங்கள் சடங்கு விஷயங்களை வெளியே விடுவதில்லை, பல கிராமங்களில் ஆட்டத்தின்போது படம் எடுக்கவும் குறிப்பு எழுதவும் தடை. உண்மையான ஒரு கிராமத்தின் பெயரைப் போட்டு அதன் உள்விஷயத்தை எழுதாமல் அவர் ஒதுங்கிக்கொண்டது சரியான முடிவு. அதிலும் நவஹோவான சீயே அங்கே வெளியாள், வண்டியைப் பார்த்து அவனுக்குப் புரியவில்லை என்று வைத்தது நேர்மையான வேலை. தனக்குத் தெரியாததைத் தன் நாயகனுக்கும் தெரியாமல் வைத்திருக்கிறார்.

அப்புறம் அந்தத் திறந்தவெளிச் சினிமா காட்சி. சீ, ஜேனட், செயென் இனத்துப் போலீஸ்காரர் ப்ளிஸ்ஸர்ட் மூவரும் போய் ஜான் ஃபோர்டின் 1964 படம் ‘செயென் ஆட்டம்’ (Cheyenne Autumn) பார்க்கிறார்கள். அதில் செயென் மக்களாக நடித்தவர்கள் நவஹோக்கள். புனிதமான வசனம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே நவஹோ மொழியில் கன்னாபின்னாவென்று கேலி பேசியிருக்கிறார்கள், மொழி தெரிந்த கூட்டம் ஹாரன் அடித்துக் கொண்டாடுகிறது. நிஜத்திலும் அந்தப் படம் அப்படித்தான் அங்கே ஓடியது. அந்த நடிகர்களும் கோமாளிகள்தானே. தங்களை வைத்துப் பணம் பண்ணுகிறவர்களின் படத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அவர்களைக் கேலி செய்கிறார்கள்.

படகுத்துறை:
இதுவரை ஹில்லர்மனைப் படித்ததே இல்லை. எதில் தொடங்கலாம்?

ஏடுபுரட்டி:
படகுத்துறை, 1973இல் வந்த ‘டான்ஸ் ஹால் ஆஃப் த டெட்’. அதற்கு மர்மக்கதைகளுக்கான எட்கர் விருது கிடைத்தது. நாயகர் சீ அல்ல, அவனுக்கு மூத்தவர் ஜோ லீப்ஹார்ன். ஜூனி என்ற புவெப்லோ மக்களின் ஷலாக்கோ சடங்கில் நெருப்புத் தெய்வமாக வரவேண்டிய சிறுவன் காணாமல்போகிறான், அவன் சிநேகிதனான நவஹோப் பையன் ஒருவனும் ஓடிவிடுகிறான். தெய்வங்களுக்குக் கோபம் வந்துவிட்டது, தானே போய்ச் சரிசெய்ய வேண்டும் என்று நம்பி அந்தப் பையன் ஒரு ஏரியைத் தேடிக்கொண்டு போவான். படித்துப் பல வருஷம் ஆகியும் அவன் என்னை விட்டுப் போகவில்லை.

மணல்மேடு:
ஏடுபுரட்டி சொன்ன நாவல் இந்த விவாதத்துக்கும் தேவைதான். அங்கேயும் முடிவில் நீதிமன்றத்துக்கு வெளியே ஒன்று நடக்கிறது. ஜூனி மக்களுக்கு எதிரான குற்றத்தை ஜூனி மக்களே பார்த்துக்கொள்கிறார்கள், லீப்ஹார்ன் அதை ஊகித்துவிட்டு அதற்கு மேல் தோண்டாமல் நிற்கிறார். சடங்குகளை நம்பாத, எதற்கும் காரணம் தேடுகிற லீப்ஹார்னே அப்படி நின்றார் என்பது முக்கியம். ஒரு விஷயம் தன் கைக்கு உட்பட்டதா இல்லையா என்று தெரிந்து விலகியது அது.

இதை எழுதும்போதுதான் கோடைமழைக்கு என்ன பதில் என்று எனக்குத் தெளிவாகிறது. 1885இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்தின்படி கொலை மாதிரியான பெரிய குற்றம் எதையும் பழங்குடி நிலத்துக்குள் நடந்தாலும் கூட்டாட்சி அரசுதான் விசாரிக்கும். சீ ஹோஸ்கியைப் பிடித்துக் கொடுத்தால் அந்த வழக்கு சமாதானக்காரர் முன்னால் போகாது, ஏதாவது ஒரு கட்டத்தில் எஃப்பிஐ கைக்குப் போய்விடக்கூடிய வழக்கு. அப்புறம் டோடாசீனியின் குடும்பம் எங்கே உட்காரும்? பார்வையாளர் வரிசையில். நீங்கள் கேட்கும் அந்த எதிரெதிர் பேச்சு கைது செய்திருந்தாலும் நடந்திருக்காது. முழு வேலையைச் செய்யும் வழி சீயின் கையில் இல்லை, பாதி வேலையா, ஒன்றுமே இல்லையா என்பதுதான் அவனுக்கு இருந்த தேர்வு.

கோடைமழை:
மணல்மேடு, இது நல்ல பதில், இந்த இழையில் வந்ததிலேயே நல்ல பதில். ஆனால் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. சீ போலீஸ் உடையைக் கழற்றிவிட்டு, சடங்கு கற்கும் மனிதனாக, ஹோஸ்கியைக் கூட்டிக்கொண்டு அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர்கள் போலீஸிடம் சொல்லிவிடுவார்கள் என்ற ஆபத்து உண்டுதான். அந்த ஆபத்தை எடுப்பதுதான் நம்பிக்கை. தவறு செய்தவனைப் பற்றி, சொந்தபந்தம் இல்லாதவன் மாதிரி நடந்துகொள்கிறான் என்று நவஹோக்கள் சொல்வார்கள். ஹோஸ்கிக்குப் பேரன் என்ற சொந்தத்தைப் பார்த்து சீ விட்டான். செத்தவனுக்கும் சொந்தம் இருக்கிறது என்பதை அவன் கடைசிவரை பார்க்கவில்லை.

செங்கல்சூளை:
கோடைமழை சொன்ன மூன்றாவது வழி எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பம் போலீஸைக் கூப்பிட்டால் போவது ஹோஸ்கி மட்டுமல்ல, எர்னியும்தான். அரசு விடுதி ஏதாவது ஒன்றுக்கு அனுப்புவார்கள். எர்னியை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறப்பதற்கு முன்னாலேயே குடியின் விலையைக் கொடுத்துவிட்ட பையன் அவன். நவஹோ நிலத்தில் பெரும்பாலான இடங்களில் மதுவிற்பனைக்குத் தடை, ஆனால் எல்லையைத் தாண்டி கேலப் மாதிரி ஊருக்குப் போனால் தாராளமாகக் கிடைக்கும். டோடாசீனியைக் கொன்றதும் அதே குடிதான், எர்னியைக் கெடுத்ததும் அதே குடிதான். அரக்கர்கள் பட்டியலில் அதைச் சேர்த்தால், அதைப் போய்க் கேட்டாலும் தன்னை உயிரோடு விடச் சொல்ல அதற்கு ஒரு காரணமும் இருக்காது. ஹில்லர்மன் அந்தப் பையனை அந்த வீட்டில் வைத்தது நம்மை அழவைப்பதற்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஏடுபுரட்டி:
குலமுறைப் பகுதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாவல் முழுக்க சீ, தானும் ஜேனட்டும் குலவழியில் உறவாகிவிடுவோமோ என்று பயந்துகொண்டே இருக்கிறான். டினே முறையில் குலம் தாய்வழி, அவளுடைய அம்மா வெள்ளைக்காரி என்பதால் அப்பாவழிக் குலத்தைத்தான் பார்க்க வேண்டும், அது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. முறையற்ற உறவு கொண்டவர்கள் விட்டில்பூச்சி மாதிரி நெருப்பில் பாய்வார்கள் என்று அவர்களிடம் ஒரு கதையும் அதற்கான சடங்கும் உண்டு. தன் காதல் விஷயத்தில் சீ பெரியவர்களைத் தேடித் தேடிப் போய்க் கேட்கிறான், விதி என்னவென்று தெரியாமல் ஒரு அடி வைக்க மறுக்கிறான். ஹோஸ்கி விஷயத்தில் மட்டும் எந்தப் பெரியவரிடமும் போகாமல் தானே முடிவு செய்கிறான். இந்த வித்தியாசம் ஆசிரியருக்குத் தெரியாமல் விழுந்திருக்காது. கோடைமழையின் கட்சிக்கு நாவலுக்குள்ளேயே கிடைக்கும் நல்ல ஆதாரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மணல்மேடு:
அது வலுவான ஆதாரம்தான், ஏடுபுரட்டி. இருந்தாலும் நான் சீ பக்கம்தான். காதலில் விதியைக் கேட்கப் போனவன் தனக்காகப் போனான், தப்பு நடந்துவிடக் கூடாது என்ற பயத்தில் போனான். ஹோஸ்கி வீட்டு வாசலில் அவனுக்குப் பயப்பட ஒன்றுமில்லை, இழக்கத்தான் இருந்தது, அந்த சார்ஜன்ட் பட்டையை அங்கேயே இழந்தான். ஈடு கொடுப்பதில் குற்றவாளியின் சொந்தங்களும் பங்கு போட வேண்டும் என்று முன்னால் எழுதினேன் அல்லவா, சீயும் தன் பங்கைப் போட்டுவிட்டுத்தான் போனான்.

கோடைமழை, டோடாசீனி குடும்பத்தின் பக்கத்திலிருந்து அந்த வானொலிக் காட்சியை மட்டும் ஒரு முறை திரும்பப் படித்துவிட்டு எழுதுங்கள். குரல் வரும்போது அந்த வீட்டில் வானொலி ஓடிக்கொண்டிருந்ததா என்பதிலிருந்து தொடங்கலாம்.